இயந்திரம் இல்லாதவரும் பின்னலாடை செய்யலாம்

வளைகுடா வெயிலுக்கு ஏற்றது பருத்திப் பின்னலாடை. விளையாட்டு நாளில் மாணவர் அணியும் டி-ஷர்ட்டும், தந்தையர் அணியும் பனியனும் இவ்வகையினவே. இவற்றைப் பின்னும் பெரிய இயந்திரங்களைச் சிறு முதலுடையோர் எவ்வாறு பயன்கொள்கின்றனர் என்பதைக் காண்போம்.

நெசவில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாகச் செல்லும். பின்னலிலோ நூல் வளைந்து கண்ணியாகி, ஒரு கண்ணி மற்றொன்றினுள் கோக்கப்படுகிறது. ஆதலால் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதற்குரிய முதற் கருவியை 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ அமைத்தார். இன்றைய வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகள் உருளையைச் சுற்றி நின்று, குழாய் வடிவில் துணியைப் பின்னுகின்றன. அதன் விலையோ பல இலட்சம் ரூபாய். புதிதாக ஆடை வடிவமைக்கும் ஓர் இளைஞர் அதனை எவ்வாறு வாங்குவார்?

திருப்பூர் இதற்கு ஒரு விடை கண்டுள்ளது. அங்கே துணி பின்னுவோர் ஒருவர், சாயமிடுவோர் வேறொருவர், பவர் டேபிள் வைத்துத் தைத்துத் தருவோர் மற்றொருவர். நூலை வாங்கிக் கொடுத்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுப் பின்னித் தருவர். இதனை 'ஜாப் ஒர்க்' என்பர். சொந்த இயந்திரம் இல்லாதவரும் உற்பத்தியாளராக இம்முறை வழிவகுத்தது. தொழிலாளராக இருந்தோர் பலர் முதலாளிகளாக உயர்ந்ததும் இதன் துணையாலேயே.

ஆயினும் ஒரு தடை உண்டு. பத்துச் சட்டைகளுக்காக இயந்திரத்தில் நூல் மாற்றுவதும் சாயத் தொட்டியை நிரப்புவதும் கட்டுப்படியாகா. இக்குறையைப் போக்கவும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஜெரார்ட் ரூபியோ என்பவர் கணினியால் இயங்கும் 'ஓப்பன்நிட்' என்னும் பின்னல் இயந்திரத்தின் அமைப்பை, எவரும் பார்த்துச் செய்துகொள்ளுமாறு 2014இல் வெளியிட்டார். அதன் வழிவந்த 'நிட்டரேட்' என்னும் சிறிய இயந்திரத்திற்கு 2017இல் பொதுமக்களே முன்பணம் அளித்தனர்.

இயந்திரம் கூலிக்குக் கிடைக்கலாம். அதனிடம் வேலை வாங்கும் அறிவை நாமே தேட வேண்டும். நூலின் கவுண்ட், ஊசிகளின் நெருக்கத்தைக் குறிக்கும் கேஜ், ஒரு சதுர மீட்டர் துணியின் எடையாகிய ஜி.எஸ்.எம். ஆகியவற்றைத் தெளிவாகக் கூறத் தெரியாதவர் நட்டமடைவர். ஒன்று தவறினாலும் துணி மெலிந்தோ தடித்தோ போகும்.

2022 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய-அமீரக ஒப்பந்தத்தால் இந்திய ஆடைகளுக்கு இங்கு விதிக்கப்பட்ட 5 விழுக்காடு சுங்கவரி நீங்கியது. நம் இளையோர்க்கு இது நல்வாய்ப்பு.

மாணவச் செல்வங்களே! உங்கள் டி-ஷர்ட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். வெளிப்புறம் ஆங்கில 'வி' எழுத்துப்போன்ற வரிசைகளும், உட்புறம் சிறு வளைவுகளும் தென்படும். பின்னற்கலையின் முதற்பாடம் அதுவே. அங்கிருந்து கற்கத் தொடங்குங்கள்.