மலரும் மாதமும்: மட்டக்களப்பு வாவிக்கரைக்கு ஒரு பருவ நாட்காட்டி

தமிழ் இலக்கண மரபு ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பது நாம் அனைவரும் கற்ற பாடம். ஆயின் ஆவணி மாதத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்பவர் காண்பன கச்சான் காற்றில் உலர்ந்த தரவைகளும் நீர் வற்றிய குளங்களுமே. இங்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஐப்பசியில் வலுக்கத் தொடங்கி, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களிற் பெருகுகின்றது. நூல் கூறும் பொழுதும் நிலம் காட்டும் பொழுதும் இவ்வாறு முரண்படுகையில், நிலத்தின் பொழுதை எவ்வாறு பதிவு செய்வது? தாவரப் படங்களைக் கொண்டு அதனைச் செய்ய இயலும் என்பதும், பழைய படங்கள் மட்டும் அதற்குப் போதா என்பதும் ஈண்டு நாம் நிறுவ விழையும் கருத்துகளாகும்.

இலங்கைத் தாவரங்களின் பட வரலாறு நீண்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களிற் கொழும்பிற் பணியாற்றிய போல் ஹேர்மன் திரட்டிய உலர்தாவரங்களும் வரைபடங்களும் ஐந்து தொகுதிகளாக இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. அவற்றை ஆதாரமாகக் கொண்டே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவரே 1756இல் மலர்ச்சியின் வரிசையைக் கொண்டு ஒரு நாட்காட்டியையும் அமைத்தார். ஆயின் அது அவர் வாழ்ந்த உப்சாலா நகருக்கு உரியது. இலங்கையை அவர் கண்டதில்லை. ஆகவே நம் தாவரங்களுக்குப் பெயர் சூட்ட அவரால் இயன்றது, பொழுது வகுக்க இயலவில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் இப்பணி பேராதனைத் தாவரவியற் பூங்காவில் வளர்ந்தது. ஹர்மானிஸ் த அல்விஸ் 1823 முதல் 38 ஆண்டுகள் அங்கு வரைஞராக இருந்தார். அவர் குடும்பத்தினர் அப்பணியைத் தொடர்ந்தனர். பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி திரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 100 வண்ணப் படங்களைக் கொண்டது. 1896இல் அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் அதனை 1900இல் நிறைவு செய்தார். தாவரங்களின் சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், பூக்கும் மாதம் ஆகியவற்றையும் அந்நூல் குறித்துள்ளமை நமக்குப் பயனுடையது.

எனினும் இவற்றிலிருந்து நேரே பருவ நாட்காட்டி அமைக்கப் புகுவோர் இரண்டு இடர்ப்பாடுகளை எதிர்நோக்குவர். முதலாவது, தாவரவியற் படத்தின் இயல்பு. அரும்பு, மலர், காய், பிளந்த விதை ஆகியன வெவ்வேறு காலத்துக்கு உரியனவாயினும் ஒரே தாளில் ஒருங்கு வரையப்படும். இனங்காண்பதற்கு இது பேருதவி. காலத்தை அறிய முனைவோர்க்குப் பெருந்தடை. இரண்டாவது, இடம். பேராதனை இரு பருவக்காற்றுகளாலும் மழை பெறுவது. வாவிக்கரை உலர்வலயத்தைச் சார்ந்தது. தீவு முழுவதற்கும் பொதுவாகத் தரப்பட்ட மாதக்குறிப்பு இக்கரைக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். சங்கச் செய்யுளிற் கொன்றை கார்காலத்தின் அடையாளம். நம் பகுதியிற் கொன்றை சித்திரையை ஒட்டிக் கடும் வெயிலிற் பூக்கத் தொடங்குகின்றது. பெருமழைக்கு இன்னும் பல மாதங்கள் உள. வைகாசியிற் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நிகழ்வதும் இவ்வெம்மைக் காலத்திலேயே. புலவர் பொய்த்தாரல்லர், அவர் கண்ட நிலம் வேறு. காந்தளோ கோடையிற் கிழங்காக மண்ணுள் மறைந்திருந்து, மழையுடன் முளைத்துப் பூப்பது. அதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயரிட்ட மக்கள் ஒரு நாட்காட்டிக் குறிப்பையே எழுதிவைத்துள்ளனர். தாழங்குடா, நாவற்குடா, புன்னைக்குடா, தில்லைமண்டூர் என்னும் ஊர்ப்பெயர்களும் எத்தாவரங்களை முதலில் நோக்கவேண்டும் என்பதற்கு வழிகாட்டுவன.

ஆகவே புதிய படங்கள் தேவை. ஒரு தாவர இனத்தை வரைவதை விடுத்து, குறித்த ஒரு மரத்தைத் தெரிந்து, அதன் ஒரே கிளையை மாதந்தோறும் வரைதல் வேண்டும். எழுவான்கரையின் மணற்பாங்கில் ஒன்றும், படுவான்கரையின் வயற்பாங்கில் ஒன்றுமாக ஒவ்வோர் இனத்திலும் இரு மரங்களைக் கொள்ளலாம். மலரை மட்டும் வரைதல் போதாது. தில்லையின் இலை உதிர்வதற்கு முன் சிவக்கும். கண்டலின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிடும். இவையும் பருவக் குறிகளே. ஒவ்வொரு தாளிலும் திகதி, இடம், காற்றின் திசை, வாவி நீரின் உவர்ப்பு, முகத்துவாரம் திறந்துள்ளதா மணலால் மூடியுள்ளதா என்பன எழுதப்படல் வேண்டும். மீனவரும் உழவரும் கூறும் பெயரையும் குறியையும் அவர்கள் சொல்லிலேயே பதிதல் தகும். இவ்வாறு பன்னிரு மாதத் தாள்களையும் வரிசைப்படுத்தினால் நாட்காட்டி உருவாகும். ஓராண்டின் தாள்கள் தொடக்கமே. ஆண்டுகள் பல சேர்ந்தபின்னரே வழமையும் விலகலும் புலப்படும்.

இது வெறும் அழகியல் முயற்சியன்று. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரைகளின் மரங்களைப் பெருமளவில் அழித்தன. 2009 வரை நீடித்த போர் மக்களை இடம்பெயரச் செய்தது; மரத்தை அறிந்தவர் மரத்தை விட்டு அகன்றனர். அதற்கு முன்னரே திகதியிட்ட படத்தொகுதி ஒன்று ஆக்கப்பட்டிருப்பின், எக்கரையில் எம்மரம் எம்மாதத்திற் பூத்தது என்பதை இன்று ஒப்புநோக்க இயன்றிருக்கும். மானாவாரி உழவர் மழை பிந்தியது என்று கூறும்போது, அக்கூற்றுக்குச் சான்றாக வைக்கத்தக்க ஏடு வேண்டும். விதைப்பு நாளைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் அவ்வேடு அவர்தம் கையில் இருத்தல் வேண்டும். வாவிக்கரைப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் வளவில் நிற்கும் ஒரு மரத்திலிருந்து இதனைத் தொடங்கலாம்.