பிறர் இல்லத்தில் ஓராண்டு

விருந்தினரைப் போற்றும் முறையைத் தமிழர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் அவ்வதிகாரம் பெரும்பாலும் விருந்தை ஏற்பவர் பக்கம் நின்றே பேசுகின்றது. பிறர் இல்லத்தில் நெடுநாள் தங்கச் செல்பவர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை நாம் வேறிடத்தில்தான் கற்றாக வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுட் சிலர், கல்லூரியிற் சேருமுன் ஓராண்டினை அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றனோடு கழிக்கப் புறப்படும் இந்நாளில், இஃது ஆராயத் தக்க பொருளேயாகும்.

இவ்வழக்கம் புதியதன்று. ஒரு நாட்டை அறிய விரும்புவோன் அந்நாட்டுக் குடும்பத்தினுள் வாழ்தல் வேண்டும் என்னும் கருத்தினை 1932-இல் செயற்படுத்தத் தொடங்கியவர் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்க்களங்களில் காயமுற்றோரை ஊர்தியில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பாகிய ஏ.எஃப்.எஸ்., 1947 முதல் மாணவரை நாடு விட்டு நாடு அனுப்பிக் குடும்பங்களில் தங்கவைக்கும் பணியை மேற்கொண்டது. ஜெர்மனியில் இளைஞர் ஓராண்டு சமூகத் தொண்டு ஆற்றுவதற்கான சட்டம் 1964-இல் பிறந்தது. கட்டாயப் படைப்பணி நிறுத்தி வைக்கப்பெற்ற 2011-இல் மற்றொரு தன்னார்வத் தொண்டுத் திட்டமும் அங்கே தோன்றியது. முதியோர் இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் பணியாற்ற வரும் பிறநாட்டு இளைஞருட் சிலர் குடும்பங்களோடு தங்குகின்றனர். அந்நாட்டையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

“நாமும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தாமே! நம் பிள்ளைகட்கு இஃது அரிதாமோ?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஓரளவே உண்மை. நாம் தில்லிக்கும் மும்பைக்கும் வந்தபோது கரோல் பாக்கும் மாதுங்காவும் நமக்கு முன்னரே இருந்தன. அங்கே காப்பிப்பொடி கிடைத்தது, கோயில் இருந்தது, தமிழில் குறை சொல்லிக்கொள்ள அடுத்த வீட்டு மாமி இருந்தார். வெளியே வேற்றுமொழி பேசினும் கதவைச் சாத்தியவுடன் நம் வீடு நம்முடையதாயிற்று. ஜெர்மானியச் சிற்றூர் ஒன்றில் தங்கும் நம் பெண்ணுக்கோ, கதவைச் சாத்திய பின்னும் வீடு பிறருடையதே. வேற்றுமை இதுதான்.

வீட்டின் ஒழுங்கு

அவ்வீட்டில் அவள் விருந்தினள் அல்லள், குடும்பத்தில் ஒருத்தி. உண்ட தட்டினைத் தானே கழுவும் பொறிக்குள் அடுக்க வேண்டும். தன் அறையைத் தானே துப்புரவு செய்ய வேண்டும். குப்பையைத் தாள், கண்ணாடி, சமையற்கழிவு, பொதிபொருள், எஞ்சியவை எனப் பிரித்திடல் வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் நெகிழிப் புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் மீண்டும் கிடைக்கும். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் திறவா. வேண்டுவன சனிக்கிழமையே வாங்கியாதல் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை எழுப்புதல் அண்டை வீட்டார்க்குச் செய்யும் தீங்காகக் கருதப்படும். கடுங்குளிரிலும் சாளரங்களைச் சில நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்றுவர். அது நம் பெண்ணைக் குளிரால் வருத்தும் நோக்கமன்று, சுவரில் ஈரம் படியாதிருக்கும் பொருட்டே.

மாலை உணவு பல வீடுகளில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு முடிந்துவிடும். சுடுசோறின்றி உறங்கியறியாத பிள்ளைக்கு இது பட்டினியாகவே தோன்றும். அதனைப் புறக்கணிப்பு என்று எண்ணிவிடலாகாது. சைவம் உண்போர், முட்டை ஆகுமா, மீன் ஆகாதா என்பதை விண்ணப்பத்திலேயே விளங்க எழுதுதல் நலம். ‘சைவம்’ என்னும் ஒரு சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை. குழந்தைகள் விரும்பும் மெல்லும் மிட்டாய்களிற் பலவற்றில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்திருப்பதையும் அறிதல் வேண்டும்.

‘வேண்டாம்’ என்னும் சொல்

இவற்றையெல்லாம் ஒரு திங்களிற் கற்றுவிடலாம். கற்றற்கு அரியது ஒன்றுண்டு. “இன்னும் சிறிது?” என்று கேட்டால் முதலில் “வேண்டாம்” என்பதும், மும்முறை வற்புறுத்திய பின்னரே இலையை நீட்டுவதும் நம் பண்பு. ஜெர்மானியத் தாயோ ஒருமுறை கேட்பாள். “வேண்டாம்” என்ற விடையை மெய்யென ஏற்றுப் பாத்திரத்தை எடுத்துச் சென்றுவிடுவாள். வற்புறுத்துதல் பிறர் சொல்லை மதியாமையாம் என்பது அவள் கொண்ட பண்பு. ஒரு பக்கம் பெண் பசியோடு உறங்கச் செல்கின்றாள். மற்றொரு பக்கம், விருப்பமறிந்து நடந்தோம் என்னும் நிறைவோடு அக்குடும்பம் விளக்கை அணைக்கின்றது. இருவரும் நல்லவர்களே! இருந்தும் மனத்தாங்கல் இங்ஙனம்தான் வளர்கின்றது.

சோற்றில் தொடங்குவது சோற்றோடு நிற்பதில்லை. காய்ச்சலைச் சொல்லாது மறைப்பதும், குளிருக்கு மற்றொரு போர்வை கேட்க நாணுவதும், வேலையிடத்துத் துன்பத்தை விழுங்குவதும் இப்பழக்கத்தின் கிளைகளே. ஆதலின் புறப்படுமுன் நம் பிள்ளைகட்குக் கற்பிக்க வேண்டிய தலையாய பாடம், ‘வேண்டும்’ என்று அஞ்சாது சொல்லுதலும், ‘இஃது எனக்கு ஒவ்வாது’ என்று பணிவோடு சொல்லுதலுமாம்.

அழைக்கும் முறையும் இடர் தருவதே. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்று ஜெர்மன் மொழியிலும் ‘டூ’, ‘ஸீ’ என இரண்டுண்டு. வீட்டுப் பெரியவரே தம்மை ‘டூ’ என்றும் பெயர் சொல்லியும் அழைக்குமாறு கேட்பார். தாயொத்தவரைப் பெயரிட்டு அழைக்க நம் பிள்ளைக்கு நா எழாது. ஆனால் அங்கே அது மரியாதைக் குறைவன்று. ‘நீ எம் வீட்டைச் சேர்ந்தாய்’ என்னும் வரவேற்பு.

திங்கள்தோறும் மாறும் மனம்

அயல்நாட்டிற் சென்று வாழ்வோர் மனநிலையைப் பற்றி மானிடவியலார் கலெர்வோ ஓபெர்க் 1954-இல் ஓர் உரை நிகழ்த்தினார். முதலில் எல்லாம் இனிக்கும். பின்பு எல்லாம் கசக்கும். அதன் பின்னரே மனம் தேறிப் பொருந்தும் என்பது அவர் கண்ட முறை. செப்டம்பரிற் செல்லும் பிள்ளைக்குக் கசப்புக் காலம் குளிர்காலத்தோடு கூடிவிடுதல் இயல்பு. டிசம்பரில் பெர்லினில் காலை எட்டு மணிக்கு மேல்தான் ஞாயிறு எழும். மாலை நான்குக்கு முன்னரே மறைந்துவிடும். பொங்கலன்று அழும் பிள்ளையை உடனே திரும்ப அழைத்துவிடுதல் எளிது. எனினும் அவ்வழுகை தோல்வியின் அறிகுறியன்று. பாதையின் நடுவிடம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. நாள்தோறும் இரண்டு மணி நேரம் முகம் பார்த்துப் பேசும் பிள்ளை, உடலால் அங்கும் உள்ளத்தால் இங்குமாக வாழ்கின்றது. மேசையில் அக்குடும்பம் அதற்காகக் காத்திருக்கின்றது. வாரத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ நேரம் குறித்துப் பேசுதல் சாலும். அங்குள்ள நேரம் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் பின்தங்கியது என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வாறு கூறுவதால், எதனையும் பொறுத்துக்கொள் என்று பிள்ளைக்கு நாம் அறிவுரை கூறுவதாக எண்ணற்க. நல்ல திட்டங்களில், குடும்பத்தின் வேறாகிய ஒரு பொறுப்பாளர் இளைஞர் குறை கேட்பதற்கென நியமிக்கப்படுகின்றார். அவர் யாவர், அவரை எங்ஙனம் அழைப்பது என்பதைப் புறப்படுமுன்னரே அறிந்து குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. கடவுச்சீட்டு எப்போதும் பிள்ளையின் கையிலேயே இருத்தல் வேண்டும். குடும்பம் பொருந்தாவிடில் வேறு குடும்பத்திற்கு மாறுதல் வழக்கமே. அதில் இழிவு ஏதுமில்லை. தனக்கு அச்சமாக இருக்கின்றது என்று பிள்ளை ஒரு சொல் சொல்லின், “நாலு பேர் என்ன சொல்வார்” என்று எண்ணாது அன்றே செயற்படுவது பெற்றோர் கடன்.

அன்பர்களே! அயல் மண்ணில் பிழைக்கும் திறனை நம் பிள்ளைகள் நம்மைக் கண்டே கற்றிருக்கின்றனர். தன் துணியைத் தானே துவைக்கவும், ஒரு குழம்பையாவது தானே வைக்கவும், தன் தேவையைத் தானே வாய்விட்டுக் கேட்கவும் இன்றே நம் வீட்டிற் பழக்குவோம். அங்ஙனம் பழகிச் சென்ற பிள்ளை, ஒரு ஞாயிறன்று அவ்வீட்டார்க்குச் சாம்பார் வைத்துப் பரிமாறும் நாளில், பிறர் இல்லம் தன் இல்லமாகியிருக்கக் காண்பாள்.