21 நாள், 4 மாநிலங்கள், ஒரு ஆம்னி வேன்: பார்க்கிங்கைத் தாண்டி உள்ளே போன தம்பதி!

டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். ஆனால், அந்த ஊர்களைப் பார்க்கிறார்களா? நாகர்கோவிலைச் சேர்ந்த அந்த 61 வயது ஓட்டுநரைக் கேட்டால் சிரிக்கிறார். 27 ஆண்டு சர்வீஸில் பேக்கல் கோட்டைக்கு எத்தனை முறை சவாரி போனார் என்பதற்குக் கணக்கே இல்லை. கோட்டைக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. சாமான்களுக்குக் காவல் இருக்க வேண்டும். பயணிகள் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் கண்ணை மூடவும் வேண்டும். அடுத்த ஊருக்கு ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டுமே!

அவர் மனைவிக்கோ அந்த ஊர்களெல்லாம் போனில் கேட்ட பெயர்கள்தான். "எங்க நிக்கீங்க?" "முருடேஸ்வர்ல." "சாப்ட்டீங்களா?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சவாரியை விட்ட பிறகு, "அந்த ஊரையெல்லாம் ஒரு தடவை காட்டுங்களேன்" என்று மனைவி கேட்டார். கடந்த ஜனவரியில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். கன்னியாகுமரியில் தொடங்கி மும்பை அருகே பன்வேல் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 66. நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். தமிழ்நாட்டைத் தாண்டினால் கேரளா, கர்நாடகா, கோவா, மகாராஷ்டிரா. வழி நெடுக மேற்கே அரபிக்கடல் துணைக்கு வரும்.

வேன் வீடானது எப்படி?

வீட்டிலிருந்த பழைய ஆம்னி வேன்தான் வாகனம். சீட்டைக் கழற்றினாலோ, பாடியை மாற்றினாலோ ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் வரும் என்பது ஓட்டுநருக்குத் தெரியாதா என்ன? எதையும் கழற்றவில்லை. பின் சீட்டை மடக்கி, அதன்மேல் பிளைவுட் பலகை, பலகைக்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை. பலகைக்கு அடியில் 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன். வெள்ளை போர்டு சொந்த வண்டி என்பதால் பெர்மிட் கவலையும் இல்லை.

திருநெல்வேலியில் இருக்கும் மகளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுவலி. "இந்த வயசுல வேன்ல தூங்கணுமாம்மா?" என்று கேட்டவர், கடைசியில் மூன்று நிபந்தனைகள் போட்டார். இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது. மூன்று நாளுக்கு ஒரு முறை லாட்ஜில் தங்க வேண்டும். தினமும் இரவு எங்கே நிற்கிறார்கள் என்று லொகேஷன் அனுப்ப வேண்டும்.

"யாருக்காக இந்த வேகம்?"

முதல் இரண்டு நாளும் பழக்கதோஷம் விடவில்லை. கொல்லம் தங்கசேரி கலங்கரை விளக்கத்தை ஓடுகிற வண்டியிலிருந்தே கை காட்டினார். கடற்கரையைப் பார்க்கலாம் என்று மனைவி நினைத்திருந்த ஆலப்புழாவும் பின்னால் போய்விட்டது. மனைவி வாய்விட்டுச் சண்டை போடவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டார்: "சவாரிய இறக்கி விட்டாச்சுங்க. இப்ப யாருக்காக இந்த வேகம்?"

மறுநாளிலிருந்து ஒப்பந்தம் மாறியது. ஸ்டியரிங் அவர் கையில், எங்கே நிறுத்துவது என்ற முடிவு மனைவி கையில். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர்தான் கணக்கு. கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவே இருக்கும் முழப்பிலங்காடு கடற்கரையில், இறுகிய மணல்மீதே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம் வண்டி ஓட்டலாம். அலை உள்வாங்கிய நேரத்தில் டயரை ஒட்டிக் கடல் வந்து போக, முன் சீட்டில் இருந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அடுத்தது, பேக்கல். 17-ம் நூற்றாண்டுக் கோட்டை. 'பம்பாய்' படத்தில் அரவிந்த்சாமியும் மனிஷாவும் மழையில் தவிக்கும் பாட்டைச் சொன்னால், நம் ஊரில் எல்லோருக்கும் இந்த இடம் தெரியும். வண்டியைப் பூட்டிவிட்டு, டிக்கெட் வாங்கி, இருவரும் உள்ளே போனார்கள். கொத்தளத்தின்மேல் ஏறிக் கடலைப் பார்த்தவருக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். தான் வருஷக்கணக்கில் தூங்கிய மரத்தடியை அங்கிருந்து மனைவிக்குக் காட்டியிருக்கிறார்.

மலையடியில் வண்டி நிற்கக் கூடாது

கர்நாடகா இந்தப் பயணத்தின் அழகான பகுதி, ஆபத்தான பகுதியும்கூட. மரவந்தேயில் சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு. முருடேஸ்வரில் கடலோரம் 123 அடி உயர சிவன். உடுப்பிப் பக்கத்தில் மென்மையான நீர்தோசை. சர்க்கரைக்காரர் கணக்குப் பார்த்து இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கோலா அருகே ஷிரூரைக் கடக்கும்போது மட்டும் அவர் பேசவில்லை. 2024 ஜூலை 16-ம் தேதி, கனமழையில் சாலையோர மலை சரிந்தது அங்கேதான். டீக்கடை நடத்திய குடும்பமும், அங்கே வண்டியை நிறுத்தியிருந்த ஓட்டுநர்களும் மண்ணோடு போனார்கள். கேரள ஓட்டுநர் ஒருவரின் லாரி, இரண்டு மாதங்களுக்கும் மேலான தேடலுக்குப் பிறகு கங்காவளி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் நள்ளிரவில் இடிந்தது. லாரியோடு ஆற்றில் விழுந்த ஓட்டுநர் உயிரோடு மீட்கப்பட்டார்.

வண்டியிலேயே தூங்குபவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். சாலைக்காக வெட்டிய மலையின் அடியில், எவ்வளவு நிழல் இருந்தாலும் நிறுத்தக் கூடாது. இந்தத் தம்பதி பெரும்பாலும் பெட்ரோல் பங்க் வளாகத்தில் அனுமதி கேட்டுத்தான் தங்கினார்கள். வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும், காலையில் கழிவறைக்கு அலைய வேண்டாம். பெண்கள் வருகிற பயணத்தில் இரவு தங்கும் இடத்தை முடிவு செய்வது இந்தக் கழிவறைதான் என்கிறார் மனைவி.

ஆற்றைக் கடக்கும் வேன்

கோவாவில் இரண்டே நாள். சுற்றுலா இடங்களில் திறந்தவெளியில் சமைப்பதை 2019-ல் சட்டத் திருத்தம் மூலம் அங்கே தடை செய்துவிட்டார்கள். மீறினால் அபராதம். அடுப்புக்கு லீவு விட்டு ஓட்டலில் சாப்பிட்டார்கள். "எனக்கும் லீவுதான்" என்று மனைவிக்குச் சந்தோஷம்.

மகாராஷ்டிராவில் மால்வண் கடலுக்கு நடுவே, சிவாஜி 1664-ல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டைக்குப் படகில் போனார்கள். ரத்னகிரியில் பார்த்தது தீபா அரண்மனை. பர்மாவின் கடைசி மன்னரான தீபாவை 1885-ல் ஆங்கிலேயர்கள் பதவியிறக்கி, ராணியோடு இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாடு திரும்பவே முடியாமல் 1916-ல் ரத்னகிரியிலேயே மன்னர் இறந்தார். வசதியான வீடு இருந்தும், நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் 30 ஆண்டு வாழ்ந்த ஒரு ராணியின் கதை, மனைவியை வெகுநேரம் யோசிக்க வைத்திருக்கிறது.

அதன்பிறகு நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, கடலை ஒட்டிய சின்னச் சாலையைப் பிடித்தார்கள். இந்தப் பாதையில் கழிமுகங்கள் குறுக்கிடும் இடங்களில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் உண்டு. ஜெய்கட்டில் ஒன்று, தாபோலில் ஒன்று. கடைசியாக, அலிபாக் பக்கத்தில் மாண்ட்வாவிலிருந்து மும்பைக்கு ரோ-ரோ கப்பல். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கீழ்த்தளத்தில் ஆம்னி நிற்க, மேல்தளத்தில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார் ஓட்டுநர். யாரோ ஓட்ட, அவர் பயணியாக வந்தது அன்றைக்குத்தான்!

நீங்களும் கிளம்பும் முன்...

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நிலச்சரிவு அபாயம். பல படகு சேவைகளும் நிற்கும்.
* வேனுக்குள் சமைக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. புகை வாசனையே தெரியாமல் உயிரைப் பறிக்கும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கொசுவலை கட்டுங்கள்.
* சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் மாற்றுப் பாதை வரும். மேப் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.
* மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் பயணம் நிற்காது.
* எங்கே நிறுத்துவது என்பதை, ஸ்டியரிங் பிடிக்காதவர் முடிவு செய்யட்டும்.