மூளையில் ஊரும் அலை

நாமக்கல் பக்கம், ஒரு கோடை நாள். கருவுற்றிருக்கும் அக்காள், "கண்ணுக்குள் வெள்ளிக் கோடு மின்னுகிறது, பாதித் தலை இடிக்கிறது" என்கிறாள். சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைத்துவிடுவோம், இல்லையா?

மாணவர்களே, அந்தக் கோடு கண்ணில் இல்லை, மூளையில் இருக்கிறது. அமெரிக்க அறிஞர் கார்ல் லாஷ்லி தமக்கே வந்த கோடு நகர்வதை வரைந்து, 1941-இல் அதன் வேகத்தைக் கணக்கிட்டார்: நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். 1944-இல் பிரேசில் நாட்டு லியாவோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டார். 20 நிமிடத்தில் அது எவ்வளவு தூரம் போகும்? 60 மில்லிமீட்டர்தான்! அரிய வகை ஒன்றில், கை கால்கள் கூட ஒரு பக்கம் சிறிது நேரம் தளர்ந்துவிடும்.

கர்ப்ப காலத்தில் பலருக்கு ஒற்றைத் தலைவலி குறைகிறது. சிலருக்கோ மின்னும் கோடு முதன்முதலாக அப்போதுதான் தோன்றுகிறது. இங்கேதான் கவனம் தேவை. இரத்த அழுத்தம் ஏறினாலும், மூளையின் இரத்தக் குழாய் அடைத்தாலும் இதே போன்ற அடையாளங்கள் தோன்றும். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் அவ்வாறு அடைப்பு நேர்ந்த 135 பெண்களைப் பற்றி, மதுரை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983-இல் எழுதினார்.

ஆகவே புதிதாகக் கடும் தலைவலி, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி, வலிப்பு கண்டால், "ஒற்றைத் தலைவலிதானே" என்று இருந்துவிடாதீர்கள். கடை மாத்திரையும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அலையா, அடைப்பா என்று மருத்துவர் சொல்லட்டும்.