2007 செல்லப்பிராணி உணவு மீளப்பெறல்

2007 செல்லப்பிராணி உணவு மீளப்பெறல் என்பது மெலமைன் கலந்திருந்த நாய், பூனை உணவுகள் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட நிகழ்வாகும். கனடாவின் மெனு ஃபூட்சு நிறுவனம் 2007 மார்ச்சு 16 அன்று இதனைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஆறு கோடிக்கும் மேற்பட்ட கலன்களும் பைகளும் திரும்பப் பெறப்பட்டன.

காரணம்

சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் இறக்குமதியான மாவில் மெலமைன் சேர்க்கப்பட்டிருந்தது. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து கணக்கிடுகிறது. நைதரசன் மிகுந்த மெலமைன், புரத அளவை உயர்த்திக் காட்டியது. மெலமைனும் சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்ததால் விலங்குகள் இறந்தன.

பிறப்பிட நாட்டுச் சிட்டை

உணவு தயாரான ஆலைகள் வட அமெரிக்காவில் இருந்தன. மூலப்பொருட்களின் பெயர்களைச் சிட்டையில் அச்சிடுவது கட்டாயம். அவை வந்த நாட்டைக் குறிப்பிடுமாறு அமெரிக்கச் சட்டம் கோரவில்லை. எனவே சிட்டையைப் படித்து வாங்கியவரும் இந்த ஆபத்தை அறிய வழியிருக்கவில்லை.