உங்களுக்குத் தெரியுமா? வெந்நீருக்கு எது சிக்கனம்?

 

● 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 40-க்குச் சூடாக்க ஏறக்குறைய 1.75 யூனிட் வெப்பம் வேண்டும். கீசர் அது முழுவதையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும்.

● ஹீட் பம்ப் பெரும்பகுதி வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து உறிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே போதும்.

● சோலார் ஹீட்டருக்கு வெயிலே எரிபொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் மின்சாரத் துணை தேவைப்படும்.

● போர் தண்ணீர் கடின நீரா? சோலார் ஹீட்டரின் செம்புக் குழாய்க்குள் வெள்ளைப் படலம் கட்டி அடைத்துவிடும். வெப்பப் பரிமாற்றி உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். சோலார் தகட்டைத் தெற்கு பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

சொந்த மொட்டை மாடி இருந்தால் சோலாரையே முதலில் பாருங்கள்.