காலேஜ் ஃபீஸ் ரசீதுல வராத செலவு: அரைகுறை அட்வைஸ்



போன மாசம் என் கிளையன்ட் ஒருத்தர் ஜிஎஸ்டி பில் கட்டோட தன் பொண்ணையும் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தார். மளிகை ஹோல்சேல் பண்றவர். "சார், பி.காம். முடிச்சிட்டா. சிஏ பண்ணணுமாம், நீங்கதான் வழி சொல்லணும்"ன்னார். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். 53 சதவீதம்.

விஷயம் தெரிஞ்சவங்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்கியிருக்கும். காமர்ஸ் டிகிரியில 55 சதவீதம் இருந்தா ஃபவுண்டேஷன் எழுதாம நேரா சிஏ இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். மத்த டிகிரின்னா 60. கடைசி வருஷம் படிக்கும்போதே தற்காலிகமா ரிஜிஸ்டர் பண்ணியும் வைக்கலாம்.

"காலேஜ்ல யாரும் சொல்லலையாம்மா?"

"மென்டார் மேம்கிட்ட கேட்டேன் சார். பாஸ் ஆனா போதும், சிஏவுக்கு பர்சன்டேஜ் எல்லாம் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

அந்த மேம் பொய் சொல்லல. பிளஸ் டூ முடிச்சு ஃபவுண்டேஷன் எழுதுற வழிக்கு டிகிரி பர்சன்டேஜ் தேவையே இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது பாதி, அவ்வளவுதான். ஆனா மீதிப் பாதிக்கு இந்தப் பொண்ணு இப்போ ஃபவுண்டேஷன்ல ரிஜிஸ்டர் பண்ணி, நாலு மாசம் காத்திருந்து, பரீட்சை எழுதி, ரிசல்ட்டுக்கு உட்காரணும். முதல் தடவையே பாஸ் பண்ணினாலும் ஒரு வருஷத்துல பெரும்பகுதி போச்சு. ரெண்டு சதவீதம், மூணு வருஷத்துல எங்க வேணும்னாலும் பிடிச்சிருக்கலாம்.

இன்ஜினியரிங் பசங்க கணக்கு இன்னும் கொடுமை. ஒரு உதாரணம் போடுவோம். 4 லட்சம் எஜுகேஷன் லோன், வட்டி 10 சதவீதம். கடைசி செமஸ்டர்ல ஒரு அரியர். "நிலுவையில அரியர் இருக்கக் கூடாது"ன்னு நிறைய கம்பெனி கண்டிஷன் போடுறதால, கையில இருந்த மாசம் 30,000 ரூபாய் ஆஃபர் கைவிட்டுப் போகுது. வேற வேலை கிடைக்க ஒரு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. போன சம்பளம் 3,60,000. அந்த ஒரு வருஷ வட்டி 40,000. மொத்தம் 4 லட்சம். கடன் வாங்கினதே அவ்வளவுதானே!

அந்த அரியருக்கு மாணவன் காரணம் இல்லையான்னு கேட்பீங்க. காரணம்தான். ஆனா மூணாவது செமஸ்டர்ல கணக்குல தடுமாறுற பையன் கிட்ட, "ஆறாவது செமஸ்டர்ல இந்த எலெக்டிவ் எடுக்காதே, அதுவும் முழுக்கக் கணக்குதான்"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். நம்ம பையன் எலெக்டிவ் எடுக்கிறது எப்படி? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எதை டிக் பண்றாங்களோ அதை.

ஏட்டுல அந்த ஆள் இருக்கார். அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு ஆசிரியர் ஆலோசகர் உண்டு. நாக் அங்கீகாரத்துக்கு மென்டார் ஒருத்தருக்கு எத்தனை மாணவர்னு கணக்கு காட்டணும். கேட்கிறது எண்ணிக்கை, அதனால காலேஜ் எண்ணிக்கையைக் காட்டுது. நான் படிச்ச காலேஜ்ல மூணு செமஸ்டருக்கான மென்டார் நோட்டை ஒரே மத்தியானம் லைப்ரரில உட்கார வெச்சு எழுத வெச்சாங்க. தேதிக்குத் தேதி நீலப் பேனா, கறுப்புப் பேனா மாத்திக்கச் சொன்னாங்க! இன்னைக்கு ஆடிட் போகும்போது ஒரே கையெழுத்துல வவுச்சர் கட்டைப் பார்த்தா எனக்கு அந்த லைப்ரரிதான் ஞாபகம் வரும்.

ஆசிரியர்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். கிளாஸ், பேப்பர் திருத்தல், நாக் ஃபைல், மே மாசம் வந்தா வீடு வீடா அட்மிஷன் கேன்வாஸ். பல இடத்துல மென்டார் வேலைக்குன்னு தனி நேரமும் கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது.

நேரமும் பணமும் ஒதுக்கினா என்ன ஆகும்? நியூயார்க் சிட்டி யூனிவர்சிட்டி 2007-ல 'ஏசாப்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. வழக்கமா 600-க்கு மேல மாணவர்களைப் பார்க்கிற அட்வைசருக்குப் பதிலா, 60 முதல் 80 பேருக்கு ஒருத்தர். அடிக்கடி கட்டாயம் சந்திக்கணும். கூடவே பஸ் பாஸ், புத்தகம், ஃபீஸ் பற்றாக்குறைக்கு உதவி. அதனால பலன் முழுக்க அட்வைசரால வந்ததுன்னு சொல்ல முடியாது. எம்டிஆர்சி ஆராய்ச்சி நிறுவனம் குலுக்கல் முறையில ரெண்டு குழு பிரிச்சுப் பார்த்துச்சு. மூணு வருஷத்துல டிகிரி முடிச்சவங்க, திட்டத்துல இருந்தவங்கள்ல 40 சதவீதம், மத்தவங்கள்ல 22. மாணவருக்கான செலவு 60 சதவீதத்துக்கும் மேல கூடுச்சு. ஆனா முடிச்சு வெளியே வந்த ஒரு டிகிரிக்கான செலவு குறைஞ்சது. காஸ்டிங் படிச்ச எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிச்சது.

வெளிநாட்டுப் படிப்புக்கு "ஃப்ரீ கவுன்சலிங்"னு போர்டு வெச்சவங்க கிட்ட போறவங்க ஒண்ணு கவனிங்க. அவங்கள்ல பலருக்கு யூனிவர்சிட்டிதான் கமிஷன் தருது. ரெகுலர் பிளான் மியூச்சுவல் ஃபண்ட் விக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மாதிரி. எந்தெந்த யூனிவர்சிட்டியோட டை-அப்னு நேரா கேளுங்க, பதில் சொல்லத் தயங்கினா எழுந்து வந்துடுங்க.

நம்ம ஊர் காலேஜ்ல அட்மிஷன் போடும்போது ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் ரூட் எல்லாம் விசாரிக்கிறோம். கூடவே, மென்டார் மூணு வருஷமும் ஒருத்தரா, வருஷா வருஷம் மாறுவாரான்னு கேளுங்க. எலெக்டிவ் எடுக்கிறதுக்கு முன்னாடி யார் உட்கார்ந்து பேசுவாங்கன்னு கேளுங்க. ஆபீஸ்ல கேட்கிறதைவிட, கேன்டீன்ல ஃபைனல் இயர் பசங்க நாலு பேர்கிட்ட "உங்க மென்டார் பேர் என்னப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிச்சாங்கன்னா தெரிஞ்சிடும். பையன் சேர்ந்த பிறகு யூனிவர்சிட்டி வெப்சைட்ல இருக்கிற ரெகுலேஷன் பிடிஎஃப்பை டவுன்லோடு பண்ணிப் படிக்கச் சொல்லுங்க. போர் அடிக்கும்தான். அடுத்து எந்தக் கோர்ஸ் பண்ணணுமோ, அதோட தகுதி மார்க்கையும் முதல் வருஷமே அந்தந்த நிறுவனத்தோட வெப்சைட்ல பார்த்து எழுதி வைக்கணும். யாரோ சொன்னாங்கன்னு நம்பக் கூடாது, நான் சொன்னாலும் ஒருதடவை சரிபாருங்க.

அந்தப் பொண்ணு ஃபவுண்டேஷனுக்குப் பதிவு பண்ணிட்டா. பரீட்சை வரைக்கும் சும்மா இருக்க வேணாம்னு காலையில மூணு மணி நேரம் நம்ம ஆபீசுக்கு வந்து டேலி என்ட்ரி போடுறா. "மேம்கிட்ட போய்ச் சொன்னியாம்மா?"ன்னு கேட்டேன். சொல்லிட்டாளாம். அவங்க 55 சதவீதத்தைக் குறிச்சு வாங்கிக்கிட்டாங்களாம், இப்போ செகண்ட் இயர்ல இன்னும் ரெண்டு பேர் சிஏ கேட்டுட்டு இருக்காங்களாம்.

எஜுகேஷன் லோன் வட்டிக்கு வரிச் சலுகை பழைய வரி முறையில மட்டும்தான். அதைப் பத்தி அடுத்த வீடியோல பேசுவோம்.